சுண்டு சொல்லாமல் போன ஊர்

கன்னமுல்லா,
ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை.

என் சுண்டு,

நான் இங்கே நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று அடுத்த வரி எழுதுவதுதான் மரியாதை. செத்துப்போனவனிடம் அதை எப்படி எழுதுவது என்று யோசித்ததிலேயே அரைமணி நேரமும் ஒரு கோப்பைத் தேநீரும் போய்விட்டன. முழங்கால் வலியாவது விட்டிருக்கும் என்று நம்புகிறேன். தேய்க்கிற மருந்தை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

கடிதம் எழுதுவது நானாக யோசித்தது இல்லை. புதன்கிழமை புதன்கிழமை சார்ல்வில்லிலிருந்து ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டில் ஆள் போனவர்களையெல்லாம் மாதாகோவில் கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து ஆறுதல் சொல்கிறாள். போனவர்களுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள், எழுத்துப்பிழையை யாரும் பார்க்கப்போவதில்லை என்றாள். இரண்டாவதைச் சொல்லும்போது என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள். ஆறாவதோடு நின்றவள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைகளில் முப்பது வருஷம் முப்பது ஆளுக்குச் சமைத்தபோது நான் எழுதியதெல்லாம் மாவு, சர்க்கரை, ஆட்டுத்தொடை, தேயிலை என்றுதான். இதுவும் சாமான் பட்டியல் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கப்பல்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் நீ ஒரு காகித உறையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாயே, அந்தக் கப்பல். செப்டம்பரில் ஆக்லாந்தில் கிளம்பும், சிட்னிக்கு வரும், பிரிஸ்பேனுக்கு வரும், அப்புறம் தீவு தீவாகப் போகும், மூன்று ஊரில் எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம், ஏறுகிற ஊரில் முன்னாடியே மூன்று நாள் தங்கிச் சுற்றிப்பார்க்க அறையும் சேர்த்துத்தான் டிக்கெட் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். எந்த ஊர் என்று கேட்டேன். "அத நான் முடிவு பண்ணியாச்சு. உன் பொறந்தநாளைக்குச் சொல்றேன். அதுக்குள்ள முடிஞ்சா நீயே கண்டுபிடி" என்றாய். மார்ச் இருபதாம் தேதி என் பிறந்தநாள். பதினோராம் தேதி காலையில், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறவில்லை என்று சொல்லிவிட்டு, நீ போய்ச் சேர்ந்தாய். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு ரகசியத்தையும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் காப்பாற்றாத மனுஷன், இது ஒன்றை மட்டும் கல்லறை வரைக்கும் கொண்டுபோய்விட்டாய்.

எந்த ஊராக இருந்தால் என்ன என்று நம் மகள் லியான் கேட்கிறாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு ஊர் முக்கியம் இல்லை சுண்டு. அந்த மூன்று நாள் என்னை எந்தத் தெருவில் கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்று நீ மனசில் நினைத்திருந்தாயோ, அந்தத் தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஒரே கனவு வருகிறது. நான் பிரிஸ்பேனில் பெட்டியோடு இறங்கி நிற்கிறேன், நீ சிட்னியில் பெட்டியோடு நின்று கடிகாரத்தைப் பார்க்கிறாய். இன்னொரு நாள் நான் சிட்னியில், நீ ஆக்லாந்தில். நீ காத்திருந்தால் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா.

முதலில் கப்பல்காரர்களுக்கே போன் செய்தேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள், நல்ல குரல். என் வீட்டுக்காரர் எந்த ஊரைப் பதிந்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். அந்த இடம் காலியாக இருக்கிறது டல்சி, நீங்கள்தான் சொல்வீர்கள் என்று அவர் சொன்னார், அவரையே கேட்டுப்பாருங்களேன் என்று என்னமோ இழுத்தாள். கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்றேன். எத்தனை வருஷம் என்று அவள் கேட்கவில்லை, ஆனால் ஜெயிலில் இருக்கிறாய் என்று நினைத்துவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. செத்துப்போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து மாதத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, எல்லாரும் எனக்கு முன்னாடியே தெரிந்துகொண்டு வந்துவிட்டார்கள். சரி, ஜெயில் என்றே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

அடுத்தது நான் செய்த தப்பு. வெள்ளிக்கிழமை கிளப்பில் இறைச்சித் தட்டுப் பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்கு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ட்ரெவ்விடம் இதைச் சொல்லிவிட்டேன். கிளப் செயலாளர் ஆயிற்றே, நீ பியர் குடிக்கும்போது அவனிடம் ஏதாவது உளறியிருப்பாய் என்று நினைத்தேன். அவன் கண்ணெல்லாம் கலங்கி, "நீ விடு டல்சி, ஊரே சேர்ந்து கண்டுபிடிச்சிடலாம்" என்று என் கையைப் பிடித்தான். ஆறடி நாலங்குல ஆளுக்குச் சுண்டு என்று பேர் வைத்த ஊர் இது, மொட்டைத்தலை தபால்காரனைச் சுருட்டை என்று கூப்பிடுகிற ஊர். இவர்களிடம் போய் ஒரு முக்கியமான விஷயத்தை ஒப்படைத்தேன் பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனால் கிளப் சுவரில் அட்டை தொங்குகிறது: சுண்டு எந்த ஊரைச் சொல்லியிருப்பான்? பந்தயத்தன்று குதிரைப் பேர்களைத் தொப்பியில் போட்டு ஆளுக்கொன்று எடுப்பார்களே, அதே தொப்பி. அறுபது சீட்டு. இருபதில் ஆக்லாந்து, இருபதில் சிட்னி, இருபதில் பிரிஸ்பேன். வசூல், விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கிற பறக்கும் டாக்டருக்கு. ஜெயித்த ஊர்க்காரர்கள் இருபது பேரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சாப்பிட, தோற்ற இரண்டு ஊர்க்காரர்களும் இறைச்சி சுட்டுப் பரிமாறிப் பாத்திரமும் கழுவ வேண்டும். என்னிடமும் தொப்பியை நீட்டினார்கள், நானும் மறந்துபோய் எடுத்துவிட்டேன், பிரிஸ்பேன் வந்தது. உடனே சிட்னிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், தீர்ப்புச் சொல்கிறவளே சீட்டு எடுக்கலாமா என்று. ட்ரெவ் வந்து என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனான். பாசத்தில்தான் செய்தார்கள் சுண்டு, ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்றோடு இந்த ஊரில் எனக்கு உண்மை சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது, ஏனென்றால் ஆளுக்கொரு ஊர் கையில் இருக்கிறது.

ட்ரெவ் எடுத்தது சிட்னி. அதுவரைக்கும் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொன்னவனுக்கு மறுநாளே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ போன வருஷம் அவனிடம், முழங்கால் போன ஆள் சிட்னிப் பாலத்தின் மேலே ஏற முடியுமா என்று கேட்டாயாம். வீட்டுக் கூரையில் கிடந்த பந்தை எடுக்க ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறாதவன் நீ. கஃபே வைத்திருக்கிற கோஸ்டா எடுத்தது பிரிஸ்பேன். பிரிஸ்பேனில் அவன் சித்தப்பா மகன் மீன் கடை வைத்திருக்கிறானே, அந்தக் கடைக்கு வழி கேட்டாயாம், இரண்டு முறை கேட்டாயாம், ஒரு முறை காகிதத்தில் எழுதிக்கூட வாங்கிக்கொண்டாயாம். நீ மீன் தின்று நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். "டல்சி, நீ பார்க்காதது எத்தனையோ இருக்கும்" என்று அவன் ரொம்ப வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு எனக்கு ஒரு மில்க்‌ஷேக் காசில்லாமல் கொடுத்தான். போதகரும் ஒரு சீட்டு எடுத்திருக்கிறார், அதுவும் சிட்னி என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், புயலில் தவிக்கிற கப்பலுக்கு ஆண்டவர் ஒரு நல்ல துறைமுகத்தைக் காட்டுகிறார், ஆழமான துறைமுகம், அழகான துறைமுகம் என்று அவர் போய்க்கொண்டே இருந்தபோது, பின்வரிசையில் ஆக்லாந்துக்காரர்கள் இருமினார்கள். வீட்டு வாசலில் தினம் ஒரு கேக். தேங்காய்த் துருவல் புரட்டியது சிட்னிக்காரர்கள் வைத்தது, மாம்பழ ஜாம் வைத்தது பிரிஸ்பேன். நான் நாலு கிலோ ஏறிவிட்டேன். உன் சாவுக்கு வாங்கிய கறுப்புப் பாவாடையின் கொக்கி இப்போது மாட்டமாட்டேன் என்கிறது.

ஆக்லாந்துச் சீட்டு யாருக்கு வந்தது என்று நினைக்கிறாய். உன் அக்கா மெர்லுக்கு. எழுபத்தாறு வயசில் இவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை, சீட்டை எடுத்த மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் உன் பாஸ்போர்ட். கப்பலுக்காக நீ எடுத்தது; உன் சாவுப் படிவம் நிரப்ப என்னிடமிருந்து வாங்கிப்போனது, அவள் வீட்டு அலமாரியிலேயே கிடந்ததாம். "சிட்னிக்குப் போறவன் எதுக்குடி பாஸ்போர்ட் எடுக்கறான்?" என்றாள். தீவுகளுக்குப் போகவும் அது வேண்டுமே என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை ஆரம்பித்தாள். என்னைக் கட்டுவதற்கு முன்னாடி நீ நியூசிலாந்தில் இரண்டு சீசன் ரோமம் கத்தரித்தாயாம், அது எனக்குத் தெரியும். அங்கே நைரி என்று ஒருத்தி இருந்தாளாம், அது எனக்குத் தெரியாது. நீ வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் நைரி, நைரிதானாம். நைரி சொன்னாள், நைரி திட்டினாள், நைரி கையால் சாப்பிட்டேன். "ஆம்பளைக்குப் பழைய ஊரு மறக்குமா" என்று சொல்லிவிட்டு, என் கேக்கில் இரண்டு துண்டு வெட்டிக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் நான் தூங்கவில்லை. கனவில் நீ ஆக்லாந்தில் பெட்டியோடு நிற்கிறாய், பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள், அவளிடம் பெட்டி இல்லை, அந்த ஊர்க்காரியாயிற்றே. உன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அப்புறம் மனசு கேட்காமல், உன்னோடு வேலை செய்த டகி இருக்கும் கிழவர் இல்லத்துக்குப் போய்க் கேட்டேன். அவனுக்குக் காது கேட்காது, அதனால் இந்தக் கேள்வியை நான் கத்திக் கேட்க வேண்டியிருந்தது, கூடத்தில் இருந்த பதினெட்டுக் கிழவர்களும் கேட்டார்கள். டகி சிரித்ததில் பல்செட் மடியில் விழுந்தது. "நைரியா? கொட்டகையில சமைச்ச அம்மா. அப்பவே அறுவது. உன் ஆளு ரெண்டாம் தரம் சோறு கேட்டான்னு கரண்டியால மண்டையில போட்டா." இப்போது உயிரோடு இருந்தால் நூற்றுப்பத்து. வீட்டுக்கு வந்து உன் படத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, நானும் ஒரு கொட்டகைச் சமையல்காரிதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ட்ரெவ் கிளப்பில் எல்லாரையும் கூட்டி, சாட்சி கேட்டது போதும், சுண்டுவின் ஷெட்டில் பார்த்தால் ஏதாவது எழுதி வைத்திருப்பான், எல்லாரும் சேர்ந்தே தேடலாம், அப்போதுதான் ஒருத்தரும் ஏமாற்ற முடியாது என்றான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் அந்த வார்த்தை வராதே. எல்லாருக்கும் எது சரி என்று படுகிறதோ அப்படியே செய்யுங்கள் என்றேன். முப்பது பேர் நம் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உன் ஷெட்டு புல்தரையில் கிடந்தது. திருகாணி போட்ட ஜாம் புட்டி பதினேழு. நான் மூன்று வருஷமாகத் தேடுகிற கேக் தகரம், அதற்குள் பெயிண்ட் பிரஷ். கத்தரிக்கிற சீப்புகள், எண்ணெய்த் துணிகள், கைப்பிடி இல்லாத ஆறு சுத்தியல், சுத்தியல் இல்லாத இரண்டு கைப்பிடி. கடைசியில் கோஸ்டா ஒரு கூச்சல் போட்டான். கப்பல் படம் போட்ட புத்தகம் ஒன்று, வானொலிப் பெட்டிக்கு அடியில் இருந்தது. ட்ரெவ் அதைத் திறந்தான். நீ பென்சிலால் வட்டம் போட்டிருந்தாய். ஆக்லாந்தைச் சுற்றி ஒரு வட்டம். சிட்னியைச் சுற்றி ஒரு வட்டம். பிரிஸ்பேனைச் சுற்றி ஒரு வட்டம். மூன்றும் ரப்பரால் அழித்து மறுபடி போட்டது. மூன்று ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள்.

அப்புறம் அழித்த தடம் எதில் ஆழம், எதில் லேசு என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே போய் உட்காரலாம் போல இருந்தது. பின்பக்கமாகப் போனேன். துணி உலர்த்துகிற கம்பியில் உன் நீலப் பனியன் தொங்குகிறது. ஷெட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாயே, அது. சொட்டச் சொட்ட ஈரமாக, இரண்டு கிளிப் போட்டு, பக்கத்தில் காலையில் நான் துவைத்துப்போட்ட கிளப் மேஜைத் துணிகளோடு.

ஐந்து மாதமாக நான் அதைத் தொடவில்லை சுண்டு. தினம் காலையில் கதவை மூடிக்கொண்டு அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். ஆட்டுக் கொழுப்பும் உன் வேர்வையும் கலந்த வாடை. நாற்பத்தாறு வருஷமாக எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை என்று திட்டிய அதே வாடை.

மெர்ல் கையில் சோப்புப் பொடி டப்பாவோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அழுக்கா கெடந்துச்சுடி" என்றாள். "சின்ன வயசுல அவன் சட்டையெல்லாம் நான்தான் தோய்ப்பேன். பார்த்ததும் கை பரபரன்னுச்சு. இனிமே அவனுக்குச் செய்ய எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு." நான் அந்தப் பனியனில் முகத்தை வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை வாசம். அவளும் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள், எலுமிச்சைதான். அப்புறம் நான் முன்பக்கம் போய், "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பது பேரும் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். போகிறபோது ஷெட்டில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். ரொம்ப ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள், ஒரு சாமான் அகப்படவில்லை.

ஆகவே சுண்டு, நான் முடிவு செய்துவிட்டேன். நாளை காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து எந்த ஊரும் வேண்டாம், கப்பலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தப்பான ஊரில் போய் நிற்பதற்கு இங்கேயே இருந்துவிடலாம். என்னைக் கோபித்துக்கொள்ளாதே. நான் முயற்சி செய்யாமல் இல்லை, நாலு கிலோ சாட்சி இருக்கிறது.

அங்கே உன் அம்மாவைப் பார்த்தால் என் அன்பைச் சொல், முட்டை வெள்ளைக்கரு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டதாகவும் சொல். ஆண்டவர் பேசும்போது குறுக்கே பேசாதே. பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம், நம் நாய்கள் ஐந்துக்கும் தலையில் ஒரு தட்டு. உன் ஆத்துமா அமைதியாக இருக்கட்டும், ரொம்ப அமைதியாக இருந்தால் உனக்குப் பிடிக்காது, அதனால் ஓரளவு அமைதியாக இருக்கட்டும்.

என்றும் உன்,
டல்சி

பி.கு. வெள்ளிக்கிழமை மத்தியானம். மேலே இருப்பதைப் படிக்காதே. படித்துவிட்டாய் என்றால் ஒன்றையும் நம்பாதே.

காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்றேன். காரணம் ஏதாவது போட வேண்டும் டல்சி என்றாள் அந்தப் பெண். ஜெயில் என்று போடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் என்ன தோன்றியதோ, "என் வீட்டுக்காரர் மார்ச் மாசம் செத்துட்டார்மா" என்றேன். சொல்லிவிட்டேன் சுண்டு. வாயிலிருந்து வந்தே விட்டது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் சொல்லலாமான்னு தெரியல. அவர் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார்" என்றாள். நான் சொல்லு என்றேன்.

நீ அவளுக்கு நாலு முறை போன் செய்திருக்கிறாய். முதலில் சிட்னி. மறுவாரம் அதை அழித்து ஆக்லாந்து. அப்புறம் பிரிஸ்பேன். நாலாம் முறை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாயாம். நீ சொன்னதை அவள் உன்னை மாதிரியே சொன்னாள், அந்த இழுவையோடு: "இங்க பாரும்மா, நாப்பத்தாறு வருஷமா என் பொண்டாட்டிய எது வேணும்னு கேட்டா, உனக்கு எதுவோ அதுங்கறா. சைனாக்காரன் கடையில ஒரு மணி நேரம் அட்டையப் படிச்சிட்டு, நீ சாப்பிடறதே எனக்கும்பா. நான் முடிவு பண்ணிட்டேன், கண்டுபிடின்னு சொன்னாத்தான் ஒரு ஊர் பேரு அவ வாயில வரும். அவ எதச் சொன்னாலும், அதேதான், எப்படிடி கண்டுபிடிச்சேன்னு கேட்டுருவேன். அதுவரைக்கும் அந்த இடத்த காலியா விடு."

நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன். அடப் படுபாவி. இல்லாத ஒரு ஊரைத் தேடித்தானா அறுபது பேர் சீட்டெடுத்தார்கள், முப்பது பேர் ஷெட்டைக் கவிழ்த்தார்கள், போதகர் துறைமுகத்தை இழுத்தார், நான் ஒரு நூற்றுப்பத்து வயசுக் கிழவியிடம் பொறாமைப்பட்டு நாலு நாள் தூங்காமல் கிடந்தேன்? அழுதேனா சிரித்தேனா தெரியாது, அந்தப் பெண் மட்டும் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவள், "உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும் டல்சி?" என்றாள். ஐந்து மாதத்தில் இந்த ஊரில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. உனக்கு எது சரியென்று படுகிறதோ என்று பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது, கடித்துக்கொண்டேன். செப்டம்பரில் மழை பெய்கிற ஊர் எது என்று கேட்டேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, மழை வேண்டாம் என்றால் பிரிஸ்பேன்தான் நல்லது, ஆக்லாந்தில் மூன்று நாளில் இரண்டு நாள் நனைந்துவிடுவீர்கள் என்று மன்னிப்பே கேட்டுவிட்டாள். அந்த நனைகிற ஊரையே போடு என்றேன்.

உனக்கே தெரியும், நம் பக்கம் மழை வந்தால் மழைமானியில் எத்தனை மில்லி என்றுதான் எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள், மழையை ஒருத்தரும் பார்ப்பதில்லை. உங்களுக்காவது ஈர ஆட்டைக் கத்தரிக்கக் கூடாது என்று வேலை நின்றுபோகும், படுத்துக்கொண்டு சீட்டாடுவீர்கள். எனக்கு அன்றைக்குத்தான் இரண்டு மடங்கு வேலை, சும்மா இருக்கிற முப்பது ஆம்பளைகளுக்கு ஐந்து வேளை பசிக்கும். வாழ்க்கையில் ஒரு மழையை முழுசாக நின்று பார்த்ததில்லை. மூன்று நாளும் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கப்போகிறேன், கால் வலித்தால் ஏதாவது கடையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், யாருக்கும் சமைக்கமாட்டேன். இரண்டாவது ஆள் பேரை என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டாள். வரவில்லை என்று எழுது, பேரை அழிக்காதே என்றேன்.

கிளப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ட்ரெவ், சுண்டு எந்த ஊரையும் சொல்லவில்லை என்றால் ஒருத்தரும் ஜெயிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னான். மெர்ல் எழுந்தாள். "அவ எதச் சொல்லியிருந்தாலும் அவன் ஆமாம்னுதான் சொல்லியிருப்பான். அவ ஆக்லாந்துன்னா அவனும் ஆக்லாந்துதான். போய் அடுப்பப் பத்தவை" என்றாள். ட்ரெவ்வும் கோஸ்டாவும் இப்போது இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், போதகர் கை மடிப்பை ஏற்றிவிட்டுக்கொண்டு பாத்திரத்துக்குத் தண்ணீர் பிடிக்கிறார், மெர்ல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் பிடித்து வைத்திருக்கிறாள். போய் உட்காரத்தான் போகிறேன், இதை முடித்துவிட்டு.

நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆக்லாந்து. சரிதானே, சுண்டு?